நீ 1500, எதிர்ல 1900: அக்கா டிப்ஸ்

முதல் ரவுண்டு பேரிங் வந்ததும் நீ என்ன பண்ணுவன்னு எனக்குத் தெரியும். எதிராளியோட பேரை முழுசாப் படிக்கக்கூட மாட்ட. அதுக்குப் பக்கத்துல இருக்கிற நாலு இலக்க நம்பர் மேலதான் கண்ணு போகும். உனக்கு 1500, அங்க 1900. உடனே அப்பா, "பரவால்ல கண்ணு, ஒரு எக்ஸ்பீரியன்ஸ்தானே"ன்னு ஆரம்பிப்பார். அந்தப் "பரவால்ல" இருக்கே, காயைத் தொடுறதுக்கு முன்னாடியே உன்னைத் தோத்தவங்க வரிசையில உக்கார வெச்சிடும். தம்பியா இருந்தாலும் சரி, தங்கச்சியா இருந்தாலும் சரி, நாளைக்குக் காலையில ஹாலுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் கேட்டுட்டுப் போ.

மொதல்ல ஒரு விஷயம். இந்தப் பேரிங்கை யாரும் உன்னைப் பழிவாங்கப் போடல. ஓபன் டோர்னமென்ட் எல்லாம் நடக்கிறது ஸ்விஸ் முறையில. 1895-ல சுவிட்சர்லாந்தோட சூரிச் நகரத்துல நடந்த போட்டியில பயன்படுத்தின முறை, அதனால அந்தப் பேரு. ஆடுறவங்க எல்லாரையும் ரேட்டிங் வரிசையில அடுக்கி, பட்டியலை நடுவுல ரெண்டா வெட்டிடுவாங்க. மேல் பாதியோட முதல் ஆளுக்குக் கீழ் பாதியோட முதல் ஆள். 200 பேர் ஆடினா ஒண்ணாம் நம்பருக்கு 101, ரெண்டாம் நம்பருக்கு 102. அதனால முதல் ரவுண்டுல எந்த போர்டைப் பார்த்தாலும் ஒரு பெரிய நம்பரும் ஒரு சின்ன நம்பரும்தான் உக்காந்திருக்கும். அப்புறம் வர்ற ரவுண்டுகள்ல ஒரே பாயின்ட் வாங்கினவங்களுக்குள்ள இதே மாதிரி வெட்டிக் கோப்பாங்க. இன்னைக்கு நீ சின்ன நம்பர், நாளைக்கு நீயே பெரிய நம்பர். ரெண்டு நாற்காலியிலயும் உக்காரத் தெரிஞ்சிருக்கணும்.

அந்த நம்பர்ல என்ன இருக்கு

இந்த ரேட்டிங் கணக்கை உருவாக்கினவர் அர்பாட் ஈலோ. ஹங்கேரியில பிறந்தவர், அமெரிக்காவுல மில்வாக்கியில இயற்பியல் சொல்லிக்கொடுத்த பேராசிரியர். சும்மா பேப்பர்ல கணக்குப் போட்டவர்னு நினைக்காத, விஸ்கான்சின் மாநில சாம்பியன் பட்டத்தை எட்டு தடவை ஜெயிச்சவர். 1970-ல உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே அவரோட முறையை எடுத்துக்கிச்சு. இப்போ மாசா மாசம் ஒண்ணாம் தேதி புதுப் பட்டியல் வருது. அதனால ரேட்டிங்கை நான் போன மாசத்துக் கரண்ட் பில் மாதிரிதான் பார்ப்பேன். வீட்ல எவ்வளவு ஓடுச்சுன்னு சொல்லும். இன்னைக்கு ராத்திரி ஃபேன் ஓடுமா ஓடாதான்னு அதுக்குத் தெரியாது.

இப்போ ஒரு நோட்டை எடு. உனக்கும் அவருக்கும் 400 வித்தியாசம். ஃபிடே அட்டவணைப்படி, இப்படி ஒரு ஜோடி 100 ஆட்டம் ஆடினா பெரியவருக்கு 92 பாயின்ட், சின்னவருக்கு 8 பாயின்ட். எட்டுன்னா எட்டு வெற்றின்னு அர்த்தம் இல்ல, டிராவும் சேர்ந்துதான். கம்மிதான், ஒத்துக்கிறேன். ஆனா பூஜ்யம் இல்ல.

இதுக்கு அடுத்த வரியைத்தான் யாரும் உனக்குச் சொல்லித் தர்றதில்ல. உனக்கு 18 வயசு ஆகல, ரேட்டிங் 2300-க்குக் கீழ. அப்போ உன்னோட கே என்கிற பெருக்கு எண் 40. அவர் பல வருஷமா ஆடுறவர், 2400-ஐத் தொட்டதில்ல, அவருக்கு 20. ஆட்டத்துல வாங்கின பாயின்ட்டுக்கும் அட்டவணை ஒரு ஆட்டத்துக்கு எதிர்பார்க்கிற பாயின்ட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கே-யால பெருக்கிப் பாரு. தோத்தா உன் ரேட்டிங்ல போறது 3.2. டிரா ஆனா வர்றது 16.8. ஜெயிச்சுட்டா 36.8. இப்போ நோட்டைத் திருப்பி அவர் பக்கத்துக் கணக்கைப் போடு. ஜெயிச்சா அவருக்கு 1.6, அவ்வளவுதான். டிரா ஆனாலே 8.4 போச்சு. தோத்தா 18.4 போச்சு. இதுல யாருக்கு வயித்தைக் கலக்கணும்?

இன்னும் ஒண்ணு. 2024 மார்ச் 1-ஆம் தேதி ஃபிடே ஒரு திருத்தம் பண்ணுச்சு. 2000-க்குக் கீழ இருந்தவங்களோட ரேட்டிங்கை எல்லாம் ஒரே நாள்ல ஏத்தி விட்டுச்சு. 1000-ல இருந்த குழந்தை 1400 ஆச்சு, 1500-ல இருந்தவங்க 1700 ஆனாங்க. அந்த ராத்திரியில யாரும் ஒரு மூவ்கூடக் கூடுதலா கத்துக்கல. இதை ஞாபகம் வெச்சுக்கிட்டா, போர்டுக்கு அந்தப்பக்கம் இருக்கிற நாலு இலக்கம் கொஞ்சம் சுருங்கித் தெரியும்.

முதல் நாள் ராத்திரி

பேரிங் முன்கூட்டியே வந்துட்டா எதிராளியோட பழைய ஆட்டங்களைத் தேடிப் பார்க்கிறதுல தப்பில்ல. வெள்ளையில அவர் ராஜாவுக்கு முன்னாடி இருக்கிற சிப்பாயைத் தள்றாரா, ராணிக்கு முன்னாடி இருக்கிறதையான்னு பாரு. அதுக்கு மேல வேண்டாம். "இவருக்கு இந்த லைன் சரியா வரல"ன்னு கண்டுபிடிச்சு, நீ வாழ்க்கையில ஆடாத ஒரு ஓபனிங்கை ராத்திரி பதினோரு மணிக்கு மனப்பாடம் பண்ணாத.

ஏன்னு கேட்டா ஆனந்த் கதையைத்தான் சொல்லணும். 1988, இந்தியாவோட முதல் கிராண்ட்மாஸ்டரா அவர் ஆன அதே வருஷம். சுவிட்சர்லாந்துல பீல் டோர்னமென்ட். எதிர்ல கொலம்பியாவோட அலோன்சோ சபாட்டா. ஆனந்துக்குக் கறுப்பு, பெட்ரோஃப் டிஃபென்ஸ். அஞ்சாவது மூவ்ல பிஷப்பை எஃப்5 கட்டத்துக்குக் கொண்டு வந்தார். சபாட்டா ராணியை ஒரே ஒரு கட்டம் நகர்த்தி இ2-ல வெச்சார். ஆனந்த் ரிசைன். ஆறே மூவ்! நடுவுல நிக்கிற கறுப்புக் குதிரையைக் குதிரையும் ராணியும் சேர்ந்து தாக்குது. எந்தப் பக்கம் முட்டுக் கொடுத்தாலும் ஒரு காய் போகும். ஆனந்த் அந்த மூவை எங்கிருந்து எடுத்தார்? முந்தின வருஷம் டோனி மைல்ஸும் லாரி கிறிஸ்டியான்சனும் ஆடின ஆட்டத்துல அதே மூவ் இருந்துச்சு. அங்க மைல்ஸ் அதைத் தண்டிக்காம விட்டார், ஆட்டம் டிராவுல முடிஞ்சுது. ரெண்டு பெரிய ஆட்டக்காரங்க ஆடியிருக்காங்களேன்னு நம்பினதுக்குக் கிடைச்ச பலன் அது. பின்னாடி அஞ்சு தடவை உலக சாம்பியன் ஆனவருக்கே இந்தக் கதின்னா, யூடியூப்ல பார்த்த ட்ராப்பை நம்பி நீ போர்டுல உக்காரலாமா?

உனக்குப் பழகின ஓபனிங்கையே ஆடு. அவருக்கு அது உன்னைவிட நல்லாத் தெரிஞ்சிருக்கும்தான். இருந்துட்டுப் போகட்டும். அதுல உன் காய் எந்தக் கட்டத்துக்குப் போகணும், எந்தக் காயை வெட்டினா உனக்கு லாபம்னு உன் கைக்குப் பழகியிருக்கு. நாலு மணி நேர ஆட்டத்துல அதுதான் கூட வரும்.

பத்து மணிக்குப் படு. காலையில சாப்பிடாம போகாத. பொங்கலை வயிறு முட்டச் சாப்பிட்டுட்டும் போகாத, இருபதாவது மூவ்ல கண்ணு சொருகும்.

ஹாலுக்குள்ள போனதும்

சின்னப் பசங்க பெரியவங்ககிட்ட ஆட்டத்துல தோக்கிறதைவிட விதியில தோக்கிறது எனக்கு ரொம்பக் கடுப்பா இருக்கும். அதனால இதைக் கொஞ்சம் கவனமாக் கேளு.

தொட்ட காயை ஆடணும், எதிராளி காயைத் தொட்டா அதை வெட்டணும். இது தெரியாதவங்க இல்ல. ஆனா கேஸ்லிங் பண்றப்போ மாட்டிக்கிறாங்க. ராஜாவைத்தான் முதல்ல தொடணும், ஒரே கையால ரெண்டு காயையும் நகர்த்தணும். யானையை முதல்ல தொட்டுட்டா யானையைத்தான் ஆடணும், அந்தப் பக்கம் கேஸ்லிங் கிடையாது. எதிராளி "போனா போகுது"ன்னு விடுவார்னு எதிர்பார்க்காத. 18.4 பாயின்ட் பயத்துல இருக்கிறவர் விடமாட்டார், விடணும்னு அவருக்கு எந்தக் கட்டாயமும் இல்ல. காய் கோணலா நின்னா, உன் கடிகாரம் ஓடுறப்போ, "அட்ஜஸ்ட்"னு சொல்லிட்டுத் தொடு.

சிப்பாய் கடைசி வரிசைக்குப் போகப் போகுதா? போறதுக்கு முன்னாடியே ஒரு ராணி கைக்கு எட்டுற தூரத்துல இருக்கான்னு பாரு. வீட்ல ஆடுற மாதிரி யானையைத் தலைகீழா வெச்சு "இது ராணி"ன்னு சொன்னா டோர்னமென்ட்ல செல்லாது, அது யானைதான். ராணி கிடைக்கலன்னா கடிகாரத்தை நிறுத்திட்டு ஆர்பிட்டரைக் கூப்பிடு. அதுக்கு உனக்கு முழு உரிமை இருக்கு.

தப்பான மூவ் ஆடிட்டு கடிகாரத்தை அழுத்திட்டா, முதல் தடவை எதிராளிக்கு ரெண்டு நிமிஷம் கூடுதலாக் கிடைக்கும். ரெண்டாவது தடவை ஆட்டமே போகும். போன், ஸ்மார்ட் வாட்ச் ரெண்டையும் அம்மாகிட்ட குடுத்துட்டு உள்ள போ. பாக்கெட்ல போன் இருக்குன்னு தெரிஞ்சாலே தோல்விதான், அது அணைஞ்சிருந்தாலும் சரி. லேட்டா வந்தா எத்தனை நிமிஷம் வரைக்கும் விடுவாங்கன்னு ஒவ்வொரு டோர்னமென்ட்லயும் வேற வேற மாதிரி இருக்கும், நோட்டீஸ்ல முன்னாடியே படிச்சு வெச்சுக்கோ.

ஒரே நிலைமை மூணாவது தடவை வரப்போகுது, டிரா கேக்கணும்னா, அந்த மூவை ஆடாத. மொதல்ல ஸ்கோர்ஷீட்ல எழுது, கடிகாரத்தை நிறுத்து, ஆர்பிட்டர்கிட்ட சொல்லு. காயைத் தொட்டுட்டா அந்த மூவுக்கு உரிமை போயிடுச்சு. பெரிய ஆளுக்கு எதிரா கஷ்டப்பட்டு அரை பாயின்ட் வரை வந்துட்டு, இந்த வரிசை தெரியாம கோட்டை விட்டவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க.

ஆர்பிட்டர்கிட்ட பேச வெக்கப்படாத. எதிராளி உன் அப்பா வயசுக்காரரா இருக்கலாம், நீ "அங்கிள்"னு கூப்பிடலாம். ஆனா போர்டுல அங்கிள், பாப்பான்னு எதுவும் கிடையாது. அவர் பேனாவைத் தட்டிக்கிட்டே இருந்தாலோ, திரும்பத் திரும்ப டிரா கேட்டாலோ, நீ கையைத் தூக்கி ஆர்பிட்டரைக் கூப்பிடுறது மரியாதைக் குறைவு இல்ல.

ஆட்டம்

உன்னை 1900 எப்படி ஜெயிக்குது தெரியுமா? ராணியை பலி கொடுத்து பிரமாதமான மேட் போட்டு ஜெயிக்கிறது அபூர்வம். பெரும்பாலும் அவர் சாதாரணமான நல்ல மூவா ஆடிக்கிட்டே போவார். நீ இருபத்தஞ்சாவது மூவ்ல ஒரு சிப்பாயைக் கவனிக்காம விடுவ. முப்பத்தஞ்சுல இன்னொண்ணு. அப்புறம் அவருக்கு வேலையே இல்ல. உன்னைவிடக் கம்மியா தப்பு பண்றதுதான் அவரோட முக்கியமான பலம். அப்போ உன்னோட வேலை அவரை அசத்துறது இல்ல, அவரை ஜெயிக்க விடாம நேரம் கடத்துறதும் இல்ல. ஆட்டத்தை உயிரோட வெச்சிருந்து, அவரையும் ஒவ்வொரு மூவுக்கும் யோசிக்க வைக்கிறது.

இதுக்கு நேர் எதிரா ரெண்டு விதமா ஆடுறாங்க. ஒரு கூட்டம், "எப்படியும் தோக்கப் போறோம், அடிச்சுப் பார்ப்போம்"னு பத்தாவது மூவ்லயே குதிரையைத் தூக்கிக் கொடுத்துட்டு ராஜாவைத் துரத்தும். 1900-க்காரருக்கு இதைவிட சந்தோஷம் வேற இல்ல. காயை வாங்கிட்டு, காப்பாத்திக்கிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி எழுந்து போயிடுவார்.

இன்னொரு கூட்டம் டிரா வேணும்னு வர்ற காயை எல்லாம் வெட்டித் தள்ளும். ராணிக்கு ராணி, யானைக்கு யானை. போர்டு காலியானா பயம் குறையும்னு நினைப்பு. இதுதான் ரெண்டுல மோசம்னு நான் சொல்வேன், ஏன்னா பார்க்க புத்திசாலித்தனமா இருக்கு. காய் குறையக் குறைய எண்ட்கேம் தெரிஞ்சவங்களுக்குத்தான் லாபம். உனக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் அங்கதான் அப்பட்டமாத் தெரியும். ஒவ்வொரு தடவை காய் மாத்தறப்பவும் கேட்டுக்கோ: மாத்தின பிறகு மிச்சம் நிக்கிற காய்கள்ல யாரோடது நல்லா இருக்கும்? பதில் தெரியலன்னா மாத்தாத.

சிங்கப்பூர்ல 2024 டிசம்பர் 12-ஆம் தேதி நடந்ததை எடுத்துக்கோ. உலக சாம்பியன்ஷிப்போட பதினாலாவது, கடைசி ஆட்டம். ஆளுக்கு ஆறரை பாயின்ட். குகேஷ் 2783, அப்போ உலக சாம்பியனா இருந்த டிங் லிரென் 2728. டிங்குக்கு வெள்ளைக் காய். ஆனாலும் சிக்கல் இல்லாத ஆட்டமாப் பார்த்துக் காய்களை மாத்திக்கிட்டே வந்தார். கடைசியில குகேஷ்கிட்ட ஒரு சிப்பாய் கூட இருந்துச்சு, ஆனா டிரா ஆக வேண்டிய நிலைமைதான். குகேஷ் விடாம ஆடிக்கிட்டே இருந்தார். 55-ஆவது மூவ்ல டிங் யானையை யானைக்கு மாத்தலாம்னு வெச்சார். யானை போச்சு, உடனே குகேஷ் பிஷப்பை பிஷப்புக்கு நேரா வெச்சார், அதுவும் போச்சு. மிச்சம் இருந்தது ராஜாவும் சிப்பாயும், அது தோத்த எண்ட்கேம். மூணு மூவ் கழிச்சு டிங் ரிசைன். "இன்னும் ஒரு காய் மாத்திட்டா முடிஞ்சுது"ங்கிற எண்ணம் உலக சாம்பியனையே எங்க கொண்டு போய் விட்டுச்சு பாரு.

அவர் ஒரு மூவ் ஆடினதும் ரெண்டு கேள்வி கேளு. இது எதைத் தாக்குது? இது எதை விட்டுட்டுப் போச்சு? ரெண்டாவது கேள்வியைத்தான் பெரிய நம்பர் முன்னாடி நாம கேக்க மறந்துடுறோம். அவர் ஒரு சிப்பாயைப் பாதுகாப்பில்லாம விட்டா, "1900 ஆச்சே, சும்மா விட்டிருக்க மாட்டார், ஏதோ ட்ராப்"னு பயந்து ஒதுங்கிடுற. ட்ராப்பா இருந்தா கண்டுபிடி. அஞ்சு நிமிஷம் எடுத்துக்கோ. தேடியும் எதுவும் தெரியலன்னா தைரியமா எடு. 1900-ம் சிப்பாயை மறந்து விடும்.

கடிகாரத்தைப் பத்தி. சின்னப் பசங்க வேகமா ஆடுறாங்க, அதுவும் பயந்தா இன்னும் வேகம். தொண்ணூறு நிமிஷம் ப்ளஸ் மூவுக்கு முப்பது செகண்ட் கொடுத்திருக்கிற ஆட்டத்துல, எழுபது நிமிஷம் மிச்சம் வெச்சுக்கிட்டுத் தோத்து வர்றவங்களைப் பார்த்தா எனக்குக் கோபம்தான் வரும். மிச்ச நேரத்தை வீட்டுக்குக் கட்டிக் குடுக்க மாட்டாங்க. ஸ்கோர்ஷீட்ல அஞ்சு மூவுக்கு ஒரு தடவை மிச்ச நேரத்தையும் ஓரமா எழுது, அதுக்கு அனுமதி உண்டு. முப்பது செகண்ட் இன்கிரிமென்ட் இருக்கிற ஆட்டத்துல கடைசி வரை எழுதியே ஆகணும்கிறதையும் மறக்காத.

நிலைமை கெட்டுப்போச்சுன்னா? உக்காரு. 2025 ஜூன் 1-ஆம் தேதி, நார்வேயோட ஸ்டாவாங்கர்ல குகேஷ், கார்ல்சன் கூட ஆடினார். 2787-க்கு 2837. ஆட்டத்துல பெரும்பகுதி கார்ல்சன்தான் மேல. குகேஷ் தோத்துடுவார்னுதான் பார்த்தவங்க நினைச்சாங்க. அவர் ஒவ்வொரு மூவுக்கும் எதிராளிக்கு ஒரு புதுக் கஷ்டத்தைக் குடுத்துக்கிட்டே இருந்தார். ரெண்டு பேருக்கும் நேரம் குறைஞ்சப்போ கார்ல்சன் குதிரையைத் தப்பான கட்டத்துல வெச்சு செக் சொன்னார், ஆட்டம் திரும்பிடுச்சு. கார்ல்சன் மேஜையைக் குத்தினதை நீயும் வீடியோவுல பார்த்திருப்ப. எல்லாரும் அந்தக் குத்தைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாங்க. நீ அதுக்கு முந்தின ஒரு மணி நேரத்தைப் பாரு.

ஜெயிக்கிற நிலைமைக்கு வந்துட்டா இன்னும் ஆபத்து. கை நடுங்கும், அம்மா முகம் ஞாபகம் வரும், 36.8 ஞாபகம் வரும். எழுந்து போய் தண்ணி குடிச்சுட்டு வா. அப்புறம் எதிராளியோட அடுத்த மூவ் என்னவா இருக்கும்னு மட்டும் யோசி. 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாட்ல இதோட ரெண்டு பக்கமும் இருக்கு. எட்டாவது ரவுண்டுல குகேஷ் 2684, எதிர்ல அமெரிக்காவோட கருவானா 2783. குகேஷ் ஜெயிச்சார், அது அவருக்குத் தொடர்ந்து எட்டாவது வெற்றி. நம்ம பி டீம் அமெரிக்காவை 3-1-ன்னு அடிச்சுது. ரெண்டு ரவுண்டு கழிச்சு உஸ்பெகிஸ்தானோட அப்துசத்தரோவ் கூட நல்லா மேல இருந்த ஆட்டத்தை அதே குகேஷ் விட்டுட்டார். முதல் போர்டு தங்கம் அவருக்குத்தான் கிடைச்சுதுன்னாலும், ஜெயிக்கிற நிலைமைங்கிறது ஜெயிச்சது இல்லன்னு அந்த ஸ்கோர்ஷீட்டைப் பார்த்தா தெரியும்.

அவர் டிரா கேட்டா

இது தனியாச் சொல்ல வேண்டியது. 1900, 1500-கிட்ட டிரா கேக்குறார்னா நம்ம நோட்டுக் கணக்குப்படி அவர் 8.4-ஐத் தாரை வார்க்கத் தயாரா இருக்கார். ஏன்? உன் மேல பாசமா? அவருக்கு நிலைமை பிடிக்கல, இல்லன்னா நேரம் இல்ல. அதனால கையை நீட்டுறதுக்கு முன்னாடி போர்டைப் பாரு, கடிகாரத்தைப் பாரு. பதில் சொல்ல உனக்கு உன்னோட முழு நேரமும் இருக்கு. உன் நிலைமைதான் நல்லா இருக்குன்னு தோணினா, வாயைத் திறக்கக்கூட வேண்டாம், அடுத்த மூவை ஆடு, அதுவே மறுப்பு. உண்மையாவே சமமா இருக்கு, உனக்குக் களைப்பா இருக்குன்னா வாங்கிக்கோ, 16.8 ஒண்ணும் சின்னது இல்ல.

நீ கேக்கணும்னா முறை இது: மூவை ஆடு, டிரா கேளு, அப்புறம் கடிகாரத்தை அழுத்து. தோத்துக்கிட்டிருக்கிறப்போ கேக்காத. "எனக்குப் பயமா இருக்கு"ன்னு நீயே போய்ச் சொல்ற மாதிரி அது.

நீ பெரிய நம்பரா இருக்கிற அன்னைக்கு

முதல் ரவுண்டுல தோத்தன்னா ரெண்டாவது ரவுண்டுல உனக்கு ஒரு 1400 வரும், இல்ல ரேட்டிங்கே இல்லாத ஒரு ஏழு வயசு வரும். கால் தரையைத் தொடாது, நாற்காலியில முட்டி போட்டு உக்காந்திருக்கும். இப்போ உன் முகத்துல ஒரு சிரிப்பு வரும் பாரு, அதை அங்கயே நிறுத்து.

தமிழ்நாட்டுல சின்ன நம்பர்ங்கிறது பெரும்பாலும் பழைய நம்பர். தினமும் கோச்சிங், ஆன்லைன்ல ராத்திரி பூரா பிளிட்ஸ், ஆனா ரேட்டிங் டோர்னமென்ட் ஆடினது ரெண்டோ மூணோ. அந்தக் குழந்தை நிஜத்துல எங்க இருக்குன்னு பட்டியலுக்குத் தெரியாது. 2013-ல சென்னைக்கு வந்த கார்ல்சன் ஒரே நேரத்துல பலரோட ஆடின காட்சி ஆட்டத்துல அவரைத் தோக்கடிச்சவங்கள்ல ஒரு பன்னிரண்டு வயசுப் பொண்ணும் உண்டு. பேரு வைஷாலி. பிரக்ஞானந்தாவோட அக்கா. (அக்காக்கள் பேச்சைக் கேக்கணும்கிறதுக்கு இதைவிட என்ன ஆதாரம் வேணும்?) காட்சி ஆட்டம்தான், டோர்னமென்ட் இல்ல. ஆனாலும் அன்னைக்கு அந்தப் போர்டு முன்னாடி வந்து நின்னப்போ கார்ல்சன் என்ன நம்பரைப் பார்த்திருப்பார்னு யோசி.

இன்னும் பழைய உதாரணம் மானுவல் ஆரோன். இந்தியாவோட முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர், ஒன்பது தடவை தேசிய சாம்பியன். 1962-ல ஸ்டாக்ஹோம் இன்டர்ஸோனல் ஆடப் போனார். ஃபிஷர் முதலிடம் வந்த டோர்னமென்ட் அது. ஆரோன் கடைசி இடம். ஆனா போற வழியில ஹங்கேரியோட போர்டிஷையும் கிழக்கு ஜெர்மனியோட உல்மானையும் ஜெயிச்சுட்டுத்தான் வந்தார். கடைசி இடத்துல இருக்கிறவர்தானேன்னு அந்த ரெண்டு பேரும் நினைச்சாங்களான்னு எனக்குத் தெரியாது, நினைச்சிருந்தா அதுக்கு விலை குடுத்தாங்க.

அதனால சின்ன நம்பருக்கு எதிரா அவசரப்படாத. மூணு மூவ்ல மேட் பண்ணப் பார்க்காத. எதிராளி கவனிக்க மாட்டார்னு நம்பி ஆடுற மூவ் எதுவும் வேண்டாம். கவனிச்சுட்டா உன் காய்தான் கண்ட இடத்துல நிக்கும். அதே சாதாரண நல்ல மூவ், அதே ரெண்டு கேள்வி. சமமா இருந்தாலும் டிரா கேக்காம நிதானமா நீட்டிக்கிட்டே போ. முப்பதாவது மூவுக்கு மேல குழந்தைகளுக்குப் பசிக்கும், ஹாலுக்கு வெளியில அம்மாவைத் தேடும். இதைச் சொல்றதுக்கு எனக்கே கொஞ்சம் பாவமாத்தான் இருக்கு. ஆனா ஆட்டம்னா ஆட்டம்.

முடிஞ்சதும்

கை குடு. தோத்தாலும் ராஜாவைப் படார்னு தள்ளி விடாத. ரெண்டு பேரும் ரிசல்ட்ல கையெழுத்துப் போட்டதும், "ஒரு பத்து நிமிஷம் சேர்ந்து பார்க்கலாமா?"ன்னு கேளு. 1900-கிட்ட ஓசியில கிடைக்கிற கோச்சிங் அது. ஹாலுக்குள்ள மத்தவங்க ஆடிக்கிட்டிருப்பாங்க, அங்க காயை நகர்த்திப் பேசாத, வெளியில வராண்டாவுல ஒரு போர்டு கிடைக்கும். அவர்கிட்ட "நான் எங்க தப்பு பண்ணேன்?"னு மட்டும் கேக்காத. "உங்களுக்கு எந்த மூவ்ல கஷ்டமா இருந்துச்சு?"ன்னு கேளு. நீ பயந்து ஆடாம விட்ட ஒரு மூவை அவர் எதிர்பார்த்துப் பயந்திருப்பார், அது அப்போதான் வெளியில வரும்.

வீட்டுக்கு வந்ததும் இஞ்சின்ல போடாத. முதல்ல ஸ்கோர்ஷீட்டை வெச்சு நீயே ஆடிப் பாரு. ஓரமா எழுதின நேரத்தையும் பாரு, எந்த மூவ்ல இருபது நிமிஷம் உக்காந்த, எந்த மூவை ரெண்டு செகண்ட்ல ஆடின. பிளண்டர் பெரும்பாலும் ரெண்டு செகண்ட் பக்கம்தான் இருக்கும். இஞ்சினை அதுக்கு அப்புறம் திற. ரவுண்டுக்கு ரவுண்டு ரேட்டிங் எவ்வளவு ஏறும், எவ்வளவு இறங்கும்னு கால்குலேட்டர் தட்டுறதை அப்பாகிட்ட விட்டுடு, அவருக்கும் பொழுது போகணும்ல.

அவர் சேர்ந்து பார்க்க மாட்டேன்னு சொன்னா மனசு கஷ்டப்படாத. 18.4 போனவர் அப்படித்தான் சொல்வார். ஜெயிச்சவரா இருந்தாலும், அடுத்த ரவுண்டுக்குள்ள சாப்பிட்டுட்டு வரணும், கேன்டீன்ல க்யூ நீளமா இருக்கும்.